புத்தகத்தில் ஏறிய பெயர்

அன்று தலைநகரம் சுவாவுக்குப் போனவர்கள் நான்கு பேர்: அப்பா, அம்மா, சித்தப்பா, நான். போகாதவள் அக்கா. போனதே அவளுக்காகத்தான் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வான்கூவரிலும் பிரிஸ்பேனிலும் ஆக்லாந்திலும் இருக்கிற பங்காளிகளே, பட்டாளம் ஆட்சியைப் பிடிக்கிற நாலாவது கலகம் நடந்த இந்த மாதத்தில் உங்களில் மூன்று பேர் எனக்குப் போன் செய்தீர்கள். இன்னும் அங்கே என்ன செய்கிறாய், கிளம்பி வா என்றீர்கள். நம் குடும்பம் எப்படி ஃபிஜியை விட்டுப் போனது என்று ஆளுக்கு நாலு பக்கம் எழுதி அனுப்பு, சேர்த்துப் புத்தகமாகப் போடலாம் என்றும் சொன்னீர்கள். நீங்கள் எழுதிய பக்கங்கள் வந்தன. படித்தேன். எல்லாரும் ஒரே மாதிரி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அக்காவுக்குக் கிடைத்த யூனிவர்சிட்டி இடத்தைக்கூடக் கலகம் பிடுங்கிக்கொண்டது என்று.

அந்த வரி தப்பு. அதைத் திருத்த வேண்டியவன் நான். எனக்கு முப்பது வயதாகிறது. பத்தொன்பது வருஷமாக அதைத் திருத்தாமல் வைத்திருக்கிறேன்.

இங்கிலீஷில் எழுதினால் நீங்கள் எல்லாரும் படிப்பீர்கள். ஆனால் அம்மாவுக்குப் புரியாது. அதனால் தமிழில் எழுதுகிறேன். அம்மா இப்போது ஆக்லாந்தில் அக்கா வீட்டில் இருக்கிறார். இதை அம்மாவுக்குப் படித்துக்காட்டப் போகிறவளும் அக்காதான். படிக்கும்போது எங்கே குரல் தடுமாறும் என்று எனக்குத் தெரியும். தடுமாறினாலும் எதையும் தாண்டிப் போகாதே அக்கா, முழுக்கப் படி.

இந்திய வம்சத்து நம் ஆட்கள் சேர்ந்த அரசாங்கத்தைப் பட்டாளம் கவிழ்த்த முதல் இரண்டு கலகமும் நடந்த வருஷம் முடிந்து, அடுத்த ஜனவரி. எனக்குப் பதினொன்று. நாங்கள் ராக்கிராக்கிப் பக்கம் பினாங்கில் இருந்தோம். மலேசியாவில் இருக்கிற பினாங்கு இல்லை, எங்கள் பினாங்கு; சர்க்கரை ஆலை இருக்கிற பினாங்கு. வெட்டு முடிந்து ஆலை நின்றுவிட்ட மழைக்காலம். வயலில் கட்டைக் கரும்பு முழங்கால் உயரத்துக்குத் துளிர்த்திருந்தது. தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. வீடு முழுக்க ஈரத்துணி வாடையும், அம்மா உப்புப் போட்டுக் காயவைக்க முடியாமல் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட மாங்காய் வாடையும்.

அந்த மழையில்தான் அக்காவுக்குக் கடுதாசி வந்தது. சுவா பல்கலைக்கழகத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். கூடவே ஒரு ஃபாரம். கையெழுத்துப் போட்டு, குறித்த வெள்ளிக்கிழமைக்குள் ஆபீசில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் இடம் அடுத்தவருக்கு. கலகத்துக்குப் பிறகு தபால் நொண்டிக்கொண்டு வந்தது. எங்கள் கைக்குக் கிடைத்தபோது அந்த வெள்ளிக்கு ஆறு நாள்தான் இருந்தது. திருப்பித் தபாலில் போட்டால் போய்ச் சேருமா என்று யாருக்கும் தெரியவில்லை.

"நானே போய்க் குடுத்துட்டு வரேன்பா. ஒரு நாள் வேலை" என்றாள் அக்கா.

"ரோடு பூரா துப்பாக்கி வச்சினு நிக்கிறான். வயசுப் பொண்ணைக் கூட்டினு நான் பஸ்ல போவறதா? வேற வேலை இருந்தா பாரு" என்றார் அப்பா.

"அப்ப சேந்தப்புறம் மட்டும் சுவாவுல யாரு இருப்பா? நீங்களா?"

"அதுக்குள்ள எல்லாம் அடங்கிடும். இப்ப நீ வூட்ல இரு. வூட்டையும் காலியா வுட முடியாது. நாங்க போய்க் குடுத்துட்டு வரோம்."

அம்மா அக்கா பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். அம்மாவும் சுவா பார்த்ததில்லை. பெட்டியைத் திறந்து மஞ்சள் சேலையை வெளியே எடுத்துவிட்டார்.

அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர்கள் இல்லை. அதனால் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். பழுப்பு உறையின் மேல் தன் பெயரை ஊதா மையில் எழுதி, மை காய ஊதி, என் கையில் கொடுத்தாள்.

"ஆபீஸ்னு போட்டிருக்கிற எடத்துல குடு. குடுத்தா ஒரு சின்ன ரசீது தருவாங்க. ரசீது இல்லாம வூட்டுக்கு வராதே. சொல்லு பாப்போம்?"

"ரசீது இல்லாம வரமாட்டேன்."

"வந்தா கொல்லையிலயே நின்னுக்கோ" என்று என் தலையில் குட்டினாள்.

அப்பாவின் கரும்பு கேங்கைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு அது தெரியாது. சீசன் தொடங்குமுன் அக்கம்பக்கத்து விவசாயிகள் பதினைந்து இருபது பேர் ஒரு கேங்காகச் சேர்வார்கள். கேங்குக்குத் தலைவராக ஒரு சர்தார். அவர் நீளமான ஒரு புத்தகம் வைத்திருப்பார், கறுப்புத் துணி அட்டை, சிவப்பு முதுகு. முதலில் எல்லாரும் பாயில் உட்கார்ந்து யாங்கோனா வேரை இடித்துக் கரைத்த தண்ணீரைக் குடிக்க வேண்டும். வந்ததும் வராததுமாகக் காரியம் பேசுவது மரியாதை இல்லை. இரண்டு சிரட்டை சுற்றி வந்தபிறகு சர்தார் புத்தகத்தைத் திறப்பார். பெயர் ஏறும். தனக்கு முன்வெட்டு வேண்டும், தன் பதிலுக்கு வேறு ஆள் வருவான் என்பவர்கள் ஒரு சீட்டை எழுதி வாங்கிவந்து பின் அட்டையின் துணி மடிப்பில் செருகிவிடுவார்கள். சர்தார் பிறகு எடுத்துப் பார்ப்பார். யாரும் ரசீது கேட்டதில்லை, கொடுத்ததும் இல்லை. பெயர் ஏறிவிட்டால் உன் முறை உன்னுடையது. மழை பெய்யட்டும், ஆலை நிற்கட்டும், சர்தாரே செத்துப் போகட்டும். கலகம் வந்த வருஷம் நாட்டின் சட்டப் புத்தகத்தையே தூக்கிப் போட்டார்கள். எங்கள் கேங் புத்தகம் நின்றது. அதில் இருந்த வரிசைப்படி எங்கள் கரும்பு வெட்டுப்பட்டது. அப்பா கண்ணால் கண்ட புத்தகம் அது ஒன்றுதான். அது அவரை ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை.

புதன்கிழமை காலை ஐந்தரை பஸ். சன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, மழை வந்தால் தார்ப்பாயை இறக்கிக்கொள்ள வேண்டும். அக்கா ரோட்டோரத்தில் குடையோடு நின்றாள். பகலில் வீட்டைப் பார்த்துக்கொண்டு, ராத்திரி பக்கத்து வீட்டு அத்தையோடு படுத்துக்கொள்வதாக ஏற்பாடு. பஸ் நகர்ந்ததும் மூன்று விரலைச் சேர்த்துக் காற்றில் கையெழுத்துப் போடுகிற மாதிரி ஆட்டினாள். ரசீது என்று அர்த்தம்.

சுவாவுக்குப் பக்கத்து ஊரான நவுசோரிக்கு முன்னால் சிப்பாய்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லாரையும் இறக்கி வரிசையில் நிற்க வைத்தார்கள். ஒருவன் எங்கள் ரொட்டி டின்னைத் திறந்து ஒரு குச்சியால் ரொட்டியை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். எங்கே போகிறாய் என்று அப்பாவைக் கேட்டான்.

"யூனிவர்சிட்டி" என்றார் அப்பா.

"இந்த வயசிலயா?" என்று அவன் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். அப்பாவும் அவர்களோடு சிரித்தார். அப்பா சிரித்து நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அது அந்தச் சிரிப்பு இல்லை. உறை அவர் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. பஸ்ஸில் மறுபடி ஏறி உட்கார்ந்தபிறகு சட்டைக்கு மேலேயே அதைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நவுசோரி பஸ் ஸ்டாண்டில் சித்தப்பா ஏறினார். பஸ் கராஜில் மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ் போகாத கை. அந்தக் கையில் அன்று ஒரு கேமரா. கனடாவுக்கு மனு போட்டிருந்தார். மதியம் ஒன்றரை மணிக்கு விசா ஆபீசில் அவருக்கு முறை. போகுமுன் நாட்டைப் படம்பிடித்து வைத்துக்கொள்கிறாராம். ரேவா ஆற்றுப் பாலம், சந்தை, அன்னாசிக் குவியல், அன்னாசி விற்கிறவள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போயிற்று.

"இன்னாடா இது, பொறந்த ஊரை வெள்ளைக்காரன் மாதிரி படம் புடிக்கிறே?" என்றார் அப்பா.

"அண்ணே, போவப்போறவனுக்குத்தான் ஊரு அழகாத் தெரியுது. நீங்களும் ஒரு மனு போடுங்க, பினாங்கு எவ்ளோ அழகுன்னு அப்ப தெரியும்."

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. என் பொண்ணு இங்கயே படிக்கும், இங்கயே வாத்தியாரம்மா ஆவும். நீ போய் பனியில நில்லு."

"அண்ணி, பாத்தீங்களா? இவரு பொண்ணு படிச்சு வர்றதுக்குள்ள நான் பனிக்கட்டியாவே ஆயிடுவேன்" என்று சித்தப்பா சொல்ல, அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

சுவாவில் இறங்கி ஒரு டாக்சி பிடித்தோம். யூனிவர்சிட்டியைச் சித்தப்பா வெளியிலிருந்துதான் பார்த்திருந்தார். வாசலில் ஒரு காவல் கூண்டு. உள்ளிருந்து முழங்கால்வரை சுலு என்கிற அரைவேட்டி கட்டிய பெரிய ஆள் ஒருவர் எழுந்து வந்தார். பூர்வகுடி ஃபிஜிக்காரர். யூனிஃபார்மைப் பார்த்ததும் அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டார். காலையில் பழகிய பழக்கம்.

"புலா புலா! எங்கேர்ந்து வரீங்க?" என்று அவர் கரும்புக்காட்டு இந்தியில் கேட்டார்.

"ராக்கிராக்கி. பினாங்கு."

"அட, பினாங்கா! எங்க அப்பா மில்லுல ரயிலு ஓட்டினாரு, அண்ணே! உங்க கரும்பை எத்தினி திருடித் தின்னிருப்பேன் தெரியுமா?" அவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவே இல்லை. "சுத்திப் பாக்க வந்தீங்களா?"

எங்கள் மரியாதைப்படி அப்பா எடுத்ததும் காரியத்தைச் சொல்லவில்லை. "பாக்கத்தான் வந்தோம்" என்றார்.

"பாருங்க, நானே காட்றேன். மொதல்ல பேரு எழுதுங்க" என்று அவர் கூண்டுக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பலகைமேல் வைத்தார். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. வாசல் குறுக்குக் கம்பியைத் தூக்க ஓடினார்.

நீளப் புத்தகம். கறுப்புத் துணி அட்டை, சிவப்பு முதுகு. அப்பாவின் முகம் அன்று முதல் தடவையாக மலர்ந்தது. அறிமுகமான ஒரு ஆளை அந்நிய ஊரில் பார்த்தவர்போல அதன் முதுகைத் தடவினார்.

"எழுதுடா, அக்கா பேரை" என்றார்.

பக்கத்தின் மேலே 'விசிட்டர்ஸ்' என்று அச்சடித்திருந்தது. அந்தச் சொல் எனக்குத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்திலும் விசிட்டர்ஸ் புத்தகம் ஒன்று உண்டு. கல்வி அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் தலைமை ஆசிரியர் பீரோவைத் திறந்து எடுப்பார். பெரிய மனிதர்கள்தான் அதில் எழுதுவார்கள். அதில் அக்கா பெயரா என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. நான்கு கட்டங்கள் இருந்தன: பெயர், ஊர், வந்த காரணம், நேரம். பெயரையும் ஊரையும் எழுதிவிட்டு அப்பாவைப் பார்த்தேன்.

"காரணம் இன்னான்னு போட்றதுப்பா?"

"இது ஒரு கேள்வியா? படிக்கன்னு எழுது."

'டு ஸ்டடி' என்று எழுதினேன். என் வாழ்நாளில் அதைவிட அழகான கையெழுத்தில் நான் எதையும் எழுதியதில்லை. அப்பா சட்டைக்குள்ளிருந்து உறையை எடுத்தார். வியர்வையில் ஊதா மை கொஞ்சம் கலைந்திருந்தது. பின் அட்டையின் துணி மடிப்பைக் கட்டைவிரலால் பிரித்து, உறையை முழுசாக உள்ளே செருகி, புத்தகத்தை மூடி, அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டினார். கேங்கில் செய்கிற மாதிரியே.

"ரசீது வாங்கணும்னு அக்கா சொல்லிச்சே" என்றேன்.

"புஸ்தகத்துல ஏறினதுக்கு எவன்டா ரசீது கேப்பான்?"

சித்தப்பா அப்போது காவல் கூண்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் நாங்கள் அங்கே பார்த்ததை எல்லாம் சொன்னால் இந்தப் பக்கங்கள் போதாது. யூனிவர்சிட்டி வருமுன் அந்த இடம் சண்டைக்கால விமானத் துறையாம். தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலேயே ஏறுகிற விமானங்கள். காவல்காரர் கையை விரித்து, தோளைச் சாய்த்து, ஒரு விமானமாகவே எங்களுக்கு முன்னால் ஓடிக் காட்டினார். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விமானம் நின்ற கொட்டகை, சிப்பாய்கள் தூங்கிய மரக்கட்டடம், இப்போது அதில் பாடம் நடக்கிற வகுப்பு எல்லாவற்றையும் காட்டினார். நூலகத்துக் கதவைத் திறந்துவிட்டபோது அம்மா செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார். குளிர்ந்த சிமெண்டுத் தரையில் அவர் வெறுங்காலோடு நின்று, மேலிருந்து கீழ்வரை புத்தகங்களைப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது.

"இதெல்லாம் எம் பொண்ணு படிக்கணுமா? கண்ணு போயிடாது?" என்று காவல்காரரைத் தமிழிலேயே கேட்டார். அவருக்கு என்ன புரிந்ததோ, "ஹாங் தீதி, ஹாங்" என்று இந்தியில் ஆமாம் போட்டார்.

காலையில் ஒரு யூனிஃபார்ம் எங்களை ரோட்டில் நிற்க வைத்தது. மதியம் ஒரு யூனிஃபார்ம் எங்களுக்காகக் கதவு திறந்துவிட்டது. அப்பா அந்த மனிதரை விட்டுப் பிரியவே மனமில்லாமல் நடந்தார். இப்படி ஒரு மனிதரிடம் போய் ஆபீஸ் எங்கே, ரசீது எங்கே என்று கேட்பது அவருக்குக் குறையாகப் பட்டிருக்கும் என்று இப்போது புரிகிறது.

கொட்டகையைத் தாண்டி வரும்போது அந்த வரிசையைப் பார்த்தேன். ஒரு கட்டடத்து வராந்தாவில் அக்கா வயதுப் பிள்ளைகள் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். எல்லார் கையிலும் பழுப்பு உறை. எங்கள் உறையில் இருந்த அதே முத்திரை. கடைசியில் ஒரு சன்னல். உறையைக் கொடுத்தவர்கள் சின்ன மஞ்சள் காகிதம் ஒன்றை வாங்கி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள்.

அப்பாவின் சட்டையை இழுத்தேன். "அப்பா, அங்க பாருங்க..."

"சும்மா வாடா."

அப்போது காவல்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, விமானத்தைக் கட்டிப்போட்ட இரும்பு வளையம் பாக்கலாமா? உன் தலையே உள்ள போகும்" என்றார்.

நான் இன்னொரு தடவை இழுத்திருக்க வேண்டும். அழுதாவது நிறுத்தியிருக்க வேண்டும். புத்தகம் வாசலிலேயே இருந்தது. உறையை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றிருந்தால் ஒரு மணி நேரம். சித்தப்பாவுக்கு விசா ஆபீஸ் போகும் அவசரம் என்றாலும் அவர் மட்டும் போயிருக்கலாம். ஆனால் எனக்கு வளையம் பார்க்க வேண்டும். கடலுக்குள் சரிகிற சிமெண்டுத் தளத்தில் அது பதித்திருந்தது. துருவேறி, என் தொடை கனம். தலையை உள்ளே விட்டேன். துரு வாசனையும் உப்பு வாசனையும். சித்தப்பா படம் எடுத்தார். அந்தப் படச்சுருள் கனடாவுக்குப் போய்விட்டது. கழுவினார்களா என்றுகூடத் தெரியாது. உங்களில் யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்ப வேண்டாம்.

அன்று நவுசோரியில் சித்தப்பா வீட்டில் தங்கி, மறுநாள் காலை பஸ்ஸில் திரும்பினோம். வழியெல்லாம் அப்பா முன்சீட்டுக்காரர், பின்சீட்டுக்காரர், கண்டக்டர் எல்லாரிடமும் சொன்னார்: "பொண்ணை யூனிவர்சிட்டில சேத்துட்டு வரோம். நம்ம பையன் கையாலதான் பேரு எழுதினான்." ரொட்டி சுற்றிய காகிதத்தைக் கொடுத்து, செலவைக் கூட்டிச் சொல்லச் சொன்னார். பஸ், டாக்சி, படச்சுருள், அன்னாசி, தேநீர். கூட்டிச் சொன்னேன். "அவ்ளோதானா!" என்று தொடையைத் தட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தோம். அக்கா தொட்டிக்கருகில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"ரசீது?"

"அதெல்லாம் வாணாம். புஸ்தகத்துலயே ஏத்தியாச்சு" என்றார் அப்பா.

அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"எந்தப் புஸ்தகம்டா?"

"பெரிய புஸ்தகம்."

"மேல இன்னா போட்டிருந்துச்சு?"

வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை. காலை ஐந்தரைக்குப் பஸ் இருந்தது. சொல்லியிருந்தால் யார் தடுத்தாலும் அவள் அதில் ஏறியிருப்பாள். அவளைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியும். ஆனால் வீட்டுக்குள் அப்பா பக்கத்து வீட்டு அத்தையிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். விமானம் மாதிரி கையை விரித்துக் காட்டினார். முந்தின நாள் சிப்பாய்களுக்கு முன்னால் சிரித்த அந்த முகம் போய், பழைய முகம் திரும்பியிருந்தது. அதை நான் எப்படிக் கலைப்பேன்? இது பாதி உண்மை. மீதி, வரிசையைப் பார்த்தும் ஏன் சும்மா வந்தாய் என்று அவள் கேட்பாளே என்ற பயம்.

"ஸ்டூடண்ட்ஸ்னு போட்டிருந்துச்சு" என்றேன்.

"நீயே பாத்தியா?"

"பாத்தேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் என் தலையில் கை வைத்தாள். குட்டவில்லை. "கெட்டிக்காரன்" என்றாள்.

பிறகு மூன்று வாரம். அம்மா மாங்காய் ஊறுகாயை இரண்டு பாட்டிலில் அடைத்துத் துணி கட்டி வைத்தார். அக்கா இரண்டு கவுன் தைத்தாள், ஒன்று நீலம், ஒன்று வெள்ளையில் சின்னப் பூ. அப்பா ஒரு தகரப் பெட்டி வாங்கிவந்து மூடியில் அவள் பெயரைப் பெயிண்டில் எழுதச் சொன்னார். அதையும் நான்தான் எழுதினேன்.

கடுதாசியைத் தபால்காரர் கடையில் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நானே வாங்கிவந்தேன். கனமாக இருந்தது. அக்கா கொய்யா மரத்தடியில் நின்று பிரித்தாள். உள்ளே தட்டச்சுக் கடிதம் ஒன்று. அதோடு ஊதா மை கலைந்த எங்கள் பழுப்பு உறை. அவள் தோளுக்குக் கீழே நின்று நானும் படித்தேன். வாசலில் வைத்திருந்த விசிட்டர்ஸ் புத்தகம் நிரம்பி, வேறு புத்தகம் மாற்றும்போது உங்கள் ஃபாரம் கிடைத்தது. குறித்த நாள் தாண்டிவிட்டபடியால் வருந்துகிறோம் என்று இருந்தது.

விசிட்டர்ஸ் என்ற சொல்லின்மேல் அவள் விரல் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நின்றேன். அடிக்கவில்லை. உறையைக் கடிதத்துக்குள் வைத்து, கடிதத்தை நாலாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அப்பா தாழ்வாரத்திலிருந்து கத்தினார். "இன்னாம்மா, எப்ப வரச்சொல்லி எழுதியிருக்கான்?"

அக்கா நடந்து போய் அவருக்கு முன்னால் நின்றாள்.

"இந்த வருஷம் நம்ம ஆளுங்களை எடுக்கலையாம்பா. கலகத்தால."

அப்பா உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடி இருந்தார். "புஸ்தகத்துல ஏறின பேரை அழிச்சுட்டானா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

"அழிச்சுட்டாங்க" என்றாள் அக்கா.

நான் கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இந்த நாட்டைவிட்டு நகரமாட்டேன் என்று சித்தப்பாவோடு வாதாடிய அப்பா, புத்தகத்தையே அழித்துவிட்ட நாட்டில் பெண் பிள்ளையை வைத்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதே வருஷம் ஆக்லாந்தில் இறைச்சி ஆலை வேலையில் இருந்த ஒருவருக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். அக்காவைவிடப் பதினான்கு வயது மூத்தவர். நல்லவர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தகரப் பெட்டி அவளோடு போயிற்று. நீலக் கவுனை விட்டுவிட்டுப் போனாள். அங்கே ராத்திரி ஷிஃப்டில் ஆபீஸ் கட்டடங்கள் துடைத்து, அந்தப் பணத்தில் எனக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் அனுப்பினாள். எட்டு வருஷம் கழித்து நான் அந்த வராந்தா வரிசையில் நின்று, அந்தச் சன்னலில் உறையைக் கொடுத்து, மஞ்சள் ரசீதை வாங்கினேன். நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அது இப்படி. ரசீதை அக்காவுக்குத் தபாலில் அனுப்பினேன். கிடைத்தது என்று பதில் எழுதினாள். வேறு எதுவும் எழுதவில்லை.

அப்பா இறந்து வருஷம் திரும்பியபோது, மூன்று மாதத்துக்கு முன்னால், அக்கா திவசத்துக்கு வந்தாள். தன் மகளையும் கூட்டிவந்தாள். அந்தப் பெண் அடுத்த வருஷம் ஆக்லாந்தில் யூனிவர்சிட்டிக்குப் போகிறது. திவசம் முடிந்த மறுநாள், "சுவா யூனிவர்சிட்டி பாக்கணும்டா. நான் பாத்ததே இல்ல" என்றாள்.

கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் வேறு காவல்காரர், இளைஞர். புத்தகம் இப்போது சின்னது, பிளாஸ்டிக் அட்டை. அவள் மகள் பேனாவை எடுத்தாள்.

"குடு, என் பேரை நானே எழுதறேன்" என்றாள் அக்கா.

மேலே அச்சடித்திருந்ததை விரல் வைத்து ஒரு தடவை படித்தாள். பெயர் எழுதினாள். ஊர், ஆக்லாந்து. வந்த காரணம் என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்து, 'சுற்றிப் பார்க்க' என்று இங்கிலீஷில் எழுதினாள். பேனாவை மூடிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "இப்பத்தான் சரியான புஸ்தகத்துல எழுதியிருக்கு" என்றாள்.

பத்தொன்பது வருஷத்தில் அவள் அதைப் பற்றிச் சொன்னது அந்த ஒரு வாக்கியம். அங்கேயே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, இப்போது எழுதுகிறேன். அம்மா, அக்காவின் இடத்தைக் கலகம் எடுக்கவில்லை. அப்பாவும் தொலைக்கவில்லை, அவர் தனக்குத் தெரிந்த மரியாதையோடு, தெரிந்த முறையில் செய்தார். ஒரு நாள் பாக்கி இருக்கும்போது சத்தியம் செய்து பொய் சொன்னவன் நான்.

நூலகத்துக்குள் போய்வந்தோம். கடலோரத்தில் இரும்பு வளையம் இல்லை. பெயர்த்தெடுத்த குழியில் மழைத்தண்ணீர் நின்றது. அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே அக்கா கேட்டாள்.

"அப்பா வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் ஒரு கணக்கு சொல்லுவாரே, என்னைச் சேக்க போன செலவுன்னு. எவ்ளோடா அது?"

அவளுக்குத் தெரியும். சாகிற வருஷம்வரை அப்பா அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். இவ்வளவு செலவழித்து ஏற்றின பேரைக் கலகக்காரன் அழித்துவிட்டான் என்று. ஆனால் கூட்டியவன் நான் என்பதால் என் வாயால் கேட்க நினைத்தாள் போலிருக்கிறது.

சொன்னேன். முப்பத்தொன்பது டாலர் முப்பது சென்ட்.